நாக்குப்பூச்சிக்கு ஐஜிஇ பார்க்கப் போன கதை

மூன்று மாதமாகக் காணாக்கடி, தோலெல்லாம் அரிப்பும் தடிப்பும். இயோசினோபில் என்ற வெள்ளை அணு வேறு ரத்தத்தில் கூடியிருந்ததால் மருத்துவர் ‘அஸ்காரிஸ் ஐஜிஇ’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அஸ்காரிஸ் என்பது குடலில் வாழும் நாக்குப்பூச்சி; அதற்கு எதிரான ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. ஒரு குழாய் ரத்தம், அவ்வளவுதானே என்று போனேன்.

“அலர்ஜி மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஒரு வாரம் நிறுத்திவிட்டு வாருங்கள்” என்று பதிவு மேசையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஏழு இரவுகளை எதிரிக்கும் விரும்ப மாட்டேன். தொடையில் எழும்பிய தடிப்புகள் ஒன்றோடொன்று கூடி உள்ளங்கை அகலத்துக்குப் படர, ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். மாத்திரையை நிறுத்துவது தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்குத்தானாம். ரத்தத்தில் ஐஜிஇ அளக்க அது தடையே இல்லை. மருத்துவர் சொன்னபோது அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வெறும் வயிறும் தேவையில்லை.

ஒருவழியாக ரத்தம் கொடுத்து வாங்கிய முடிவில் ஒரே வரி: மொத்த ஐஜிஇ 812. மருத்துவர் தாளின் பின்பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். தூசி, கரப்பான் என்னும் தோல்நோய், புழு என்று எதனாலும் ஏறக்கூடிய எண் அது. எதனால் ஏறியது என்று அது சொல்லாது. திரும்பப் போய்க் கேட்டால், “ஐஜிஇ என்றுதானே சார் எழுதியிருக்கிறது, அதுதான் வந்திருக்கிறதே” என்றார் மேசைக்காரர். மருத்துவரின் கையெழுத்தில் ‘அஸ்காரிஸ்’ ஒரு நெளிகோடாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். மிச்சமிருந்த சீரத்திலேயே, அதாவது ரத்தத்தின் தெளிநீரிலேயே, சோதிக்க முடியுமா என்று கேட்டேன், கொட்டியாகிவிட்டது. முடிவு தவறாக வந்தால் அன்றைக்கே ஓடிப்போய்க் கேளுங்கள். நான் நான்கு நாள் தள்ளிப் போனேன்.

இம்முறை சோதனையின் குறியீட்டை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போனேன். பரவலாகப் பயன்படும் சோதனை முறையில் நாக்குப்பூச்சிக்குப் ‘பி1’. ரசீதில் ‘பி4’ என்று அச்சாகி வந்தது. அது அனிசாக்கிஸ், கடல்மீனில் இருக்கும் வேறொரு புழு! ஊசி ஏறுவதற்கு முன்பே பிடித்துவிட்டேன். மேசைக்காரர் முறைத்தபடி மாற்றிக் கொடுத்தார். இந்த அலைச்சலில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான்.

முடிவு 2.4, இரண்டாம் வகுப்பு, ‘பாசிட்டிவ்’. வயிற்றுக்குள் ஏதோ நெளிவதாகவே தோன்றி, பூச்சி மாத்திரை வாங்கக் கிளம்பிவிட்டேன். மருத்துவர் தடுத்தார். புழு இப்போது உள்ளே இருக்கிறது என்பதற்கு இது சான்றாகாது. எப்போதோ வந்துபோன புழுவாலும் இருக்கலாம். தூசிப்பூச்சி, கரப்பான்பூச்சி, இறால் ஆகியவற்றில் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம் நாக்குப்பூச்சியின் புரதத்தை ஒத்திருப்பதால், அவற்றுக்கு எதிரான ஐஜிஇயும் இந்தச் சோதனையில் தலைகாட்டும். இப்போது புழு உண்டா என்று தெரிய மலத்தில் முட்டையைத் தேட வேண்டும்; தொற்றிய முதல் இரண்டு மாதங்களில் அதிலும் பெரும்பாலும் தெரியாது.

மலப் பரிசோதனை மூன்று நாள் கொடுத்தேன். முட்டை இல்லை. அடுத்தது தூசிப்பூச்சி ஐஜிஇ. அதே மேசை, அதே ஆள். “அலர்ஜி மாத்திரையை நிறுத்தினீர்களா?”

“காலையில்கூடச் சாப்பிட்டேன்” என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன்.