புண்ணியம் இருக்கட்டும், புரட்டத் தெரியுமோ?

நோயாளி பராமரிக்கிற வேலை செய்கிறேன் என்று சொன்னால் யாழ்ப்பாணத்தில் ஆட்கள் இரண்டு விதமாகத்தான் பார்ப்பார்கள். ஒன்று, "உங்களுக்குப் பெரிய புண்ணியம் கிடைக்கும்" என்கிற பார்வை. மற்றது, "பாவம், வேற வேலை கிடைக்கேல்லைப் போல" என்கிற பார்வை. இரண்டுமே எனக்குப் பிடிக்காது. மனம் இருந்தால் யாரும் செய்துவிடலாம் என்ற நினைப்புத்தான் இரண்டுக்கும் அடியில் கிடக்கிறது. மனம் வேண்டும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாசத்துக்குக் குறைவே இல்லாத மகள்மார், பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காமல்போன தாயை அந்த வழங்காத கையிலேயே பிடித்து இழுத்துத் தூக்குவதையும், அதனால் தோள்மூட்டு இறங்கிப்போய் அந்த மனுசி நோவில் கத்துவதையும் கண்டிருக்கிறேன். இது பழக வேண்டிய தொழில். தச்சுவேலை பழகாதவனிடம் யாராவது கதவு செய்யக் கொடுப்பார்களா?

முதலில் ஒரு தனியார் வைத்தியசாலை வாட்டில் உதவியாளராக இருந்தேன், பிறகு வீடுகளுக்குப் போகத் தொடங்கினேன். கொக்குவில், திருநெல்வேலி, சுண்டுக்குளி என்று எந்தப் பக்கம் போனாலும் கதை ஒன்றுதான். பெரிய வீடு, மேல்மாடி பூட்டிக் கிடக்கும், பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும், கீழே ஒரு அறையில் கட்டிலோடு ஒரு அம்மாவோ ஐயாவோ. இப்போது என்.வி.கியூ எனும் தேசியத் தொழில் தகைமையின் 3ஆம், 4ஆம் மட்டத்துக்குப் பராமரிப்பாளர் பாடநெறி படிக்கிற பிள்ளைகள் சிலரை என்னோடு கூட்டிக்கொண்டு போகிறேன். பலருக்கு இந்த வேலைக்கே இஸ்ரேல் போகிற எண்ணம். போகட்டும், அதில் பிழை இல்லை. போவதற்கு முன்னம் ஒரு வயசாளியின் உடம்பைத் தொட்டுப் பழகட்டும் என்பதுதான் என் கணக்கு.

கை கழுவுவதைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை, கொரோனா வந்து எல்லாருக்கும் படிப்பித்துவிட்டது, கொரோனா போனதும் எல்லாரும் மறந்தும்விட்டார்கள். சவர்க்காரம் போட்டால் 40 முதல் 60 விநாடி, கையில் ஊத்தை தெரியாவிட்டால் அற்ககோல் கலந்த கைத் திரவம் போட்டு 20 முதல் 30 விநாடி தேய்த்தால் போதும். எங்களுடைய கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், நுரை வராது, நுரை வரவில்லை என்று பிள்ளைகள் சவர்க்காரத்தை மேலும் மேலும் போட்டுத் தேய்த்துக் கையை வெடிக்கப் பண்ணிக்கொள்கிறார்கள். நுரை முக்கியமில்லை, விரலிடுக்கும் நகக்கண்ணும் பெருவிரலும்தான் முக்கியம்.

அடுத்தது, தொடுவதற்கு முன் சொல்வது. "அம்மா, இப்ப உங்களை மற்றப் பக்கம் சரிக்கப் போறன், சரியோ?" இவ்வளவுதான். நினைவில்லாமல் கிடக்கிறவரிடமும் சொல்ல வேண்டும், காது கேட்கலாம். சொல்லாமல் தொட்டால் உடம்பு விறைக்கும், விறைத்த உடம்பைத் திருப்ப இரண்டு மடங்கு பலம் வேண்டும், ஆகவே இது மரியாதை மட்டுமில்லை, உங்கள் நாரிக்கும் நல்லது.

இனித்தான் புரட்டுகிற விசயம். தானாகத் திரும்ப முடியாதவரைப் படுக்கைப்புண் வராமல் இருக்க ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிலை மாற்ற வேண்டும் என்பது எல்லாக் கொப்பியிலும் எழுதியிருக்கும். எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆளை ஒரேயடியாக இடுப்பெலும்பின்மேல் சரிக்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை அணைத்து 30 பாகை அளவில் சரித்தால் நாரிக்குக் கீழேயும் பாரம் இல்லை, இடுப்பெலும்பிலும் பாரம் இல்லை. முழங்காலுக்கு நடுவில் ஒன்று, கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. குதிக்கால் மெத்தையில் முட்டவே கூடாது, கீழே கையை விட்டால் போய் வர வேண்டும். கால்மாட்டுக்கு இறங்கிப் போனவரைக் கமக்கட்டில் பிடித்து மேலே இழுக்கிற பழக்கம் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. இழுக்கும்போது தோல் படுக்கையோடு நின்றுவிடும், எலும்பு மட்டும் மேலே போகும், புண் தொடங்குவது அப்படித்தான். பழைய பருத்தி விரிப்பு ஒன்றை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடைவரை கீழே போட்டு, இரண்டு பக்கமும் இரண்டு பேர் சுருட்டிப் பிடித்துத் தூக்கி வைத்தால் நோயாளி முனகக்கூட மாட்டார்.

சிவந்த இடம் கண்டால் விரலால் அமத்திப் பார்ப்பேன். வெளிறி, எடுத்தவுடன் திரும்பச் சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. அமத்தியும் வெளிறாமல் சிவப்பாகவே நின்றால் உள்ளே பழுது தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் பாரம் போடாமல் வைத்து உடனே நேர்ஸிடம் சொல்ல வேண்டும். கறுத்தத் தோலில் சிவப்புத் தெரியாது, சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று தடவித்தான் பார்க்க வேண்டும். உடனே யாராவது பெரியம்மா நல்லெண்ணெய்ப் போத்தலோடு வருவார், "உருவி விட்டால் இரத்தம் ஓடும் பிள்ளை" என்று. உருவக் கூடாது. பழுதான இடத்தை உருவினால் உள்ளே இன்னும் கிழியும். எண்ணெயைக் காலுக்கும் கைக்கும் பூசச் சொல்லிக் கொடுத்துவிடுவேன், அவருக்கும் ஒரு வேலை ஆச்சு. சித்திரை, வைகாசி வெக்கையில் ரப்பர் சீற்றுக்கு மேல் கிடக்கிறவருக்கு வியர்வையே பாதிப் புண்ணைக் கொண்டுவந்துவிடும், அந்த மாதங்களில் நான் மணிக்கூட்டைப் பார்க்காமல் முதுகைத் தொட்டுப் பார்த்தே விரிப்பு மாற்றுவேன்.

ஒருநாள் இரவு ரொறொன்ரோவிலிருந்து மகன் எடுத்தார். அறையில் கமரா பூட்டியிருக்கிறது. "அக்கா, ஏன் அம்மாவை வடிவாய்ப் படுக்க வைக்காமல் சரிச்சு வச்சிருக்கிறீங்கள்?" என்றார். வடிவாய்ப் படுக்க வைத்தால் இன்னும் கொஞ்ச நாளில் நாரியில் ஓட்டை விழும் என்று விளங்கப்படுத்தினேன். கேட்டுக்கொண்டார், நல்ல மனுசன். அதே சூட்டோடு இன்னொன்றும் சொன்னேன், மேல் துடைக்கிற நேரம் கமராவைத் துணியால் மூடுவேன், பிறகு எடுத்துவிடுவேன், பயப்பட வேண்டாம் என்று. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவர் அதை யோசித்தே இருக்கவில்லை போலும். பெற்ற தாய் என்றாலும், பார்ப்பது மகன் என்றாலும், அந்த மனுசிக்கு ஒரு மானம் இருக்கிறது. துடைக்கிறபோதும் முழுவதும் துணியைக் களைய மாட்டேன். ஒரு கை வெளியே, துடைத்து ஈரம் ஒற்றி மூடு, பிறகு மற்றக் கை.

மேல் துடைப்பதை ஊத்தை எடுக்கிற வேலை என்றுதான் புதுப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். எனக்கு அது உடம்பு முழுவதையும் பார்க்கிற ஒரே நேரம். வைத்தியர் வந்து ஐந்து நிமிசம் நிற்பார், அவருக்கு முன்னால் யார் சாரத்தைத் தூக்கிக் காட்டுவது? மார்புக்குக் கீழே மடிப்பில் புண் இருக்கிறதா, தொடை இடுக்கு சிவந்திருக்கிறதா, ஒரு கால் மற்றக் காலைவிட வீங்கியிருக்கிறதா, சீனி வருத்தக்காரரின் கால்விரலிடுக்கில் வெடிப்பு இருக்கிறதா என்று எங்களுக்குத்தான் தெரியும். கண்ணில் தொடங்க வேண்டும், சவர்க்காரம் இல்லாமல் வெறும் இளஞ்சூட்டுத் தண்ணீர், மூக்குப் பக்கமிருந்து வெளியே, ஒரு கண்ணுக்குப் பிடித்த துணி முனை மற்றக் கண்ணுக்கு வேண்டாம். கீழ்ப்பகுதி கடைசியில், பெண்கள் என்றால் முன்னிருந்து பின்னுக்கு, அதற்கு முன் தண்ணீரை மாற்ற வேண்டும். சட்டை போடும்போது வழங்காத கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். வாயை மட்டும் விட்டுவிடுவார்கள், வெற்றிலை போட்ட வாய், பல்லுச் செட்டு வாய் என்று அருவருப்பு. செட்டைக் கழற்றிக் கழுவி, முரசைத் துடைத்து, நாக்கில் வெள்ளைப் படலம் உண்டா என்று பார்க்க வேண்டும். ஊத்தை வாயில் ஊறுகிற எச்சில் நுரையீரலுக்குள் இறங்கினால் நியூமோனியாவில் கொண்டுபோய் விடும்.

சாப்பாடு தீத்துவது இதைவிடக் கஷ்டம். பாரிசவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவது சரியாக இருக்காது. அதில் ஆட்களுக்கு விளங்காத ஒன்று, கட்டியான சாப்பாட்டைவிடத் தண்ணீர்தான் கூடுதல் ஆபத்து என்பது. தண்ணீர், தேத்தண்ணி, இளநீர் எல்லாம் தொண்டை மூடுவதற்கு முன்னரே ஓடிப்போய்ச் சுவாசக் குழாய்க்குள் விழும். "வெறும் தண்ணிதானே, ஒரு முடறு குடுத்தால் என்ன?" என்று கேட்டு ஊற்றுகிறவர்களைத் தடுக்கவே ஒரு ஆள் தேவை. ஆளை நிமிர்த்தி இருத்தி, நாடி கொஞ்சம் கீழே பார்க்க, நல்ல பக்கத்தால் சின்னக் கரண்டியில் கொஞ்சமாக வைத்து, விழுங்கியதைக் கண்டபிறகுதான் அடுத்தது. இருமல், கண்ணில் தண்ணீர், குரல் கரகரத்துத் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் கேட்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் நிறுத்து. முடிந்தபிறகு வழங்காத பக்கத்துக் கொடுப்புக்குள் சோறு அடைந்து கிடக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு, அரை மணித்தியாலம் நிமிர்ந்தபடியே இருக்க விட வேண்டும்.

ஒரு ஐயா, காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியற்கூழ் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். யோசித்துப் பாருங்கள், விழுங்க முடியாதவருக்கு இதைவிடப் பொல்லாத சாப்பாடு இருக்கிறதா? ஒரே வாயில் நீரும் இருக்கும், நண்டுக் கோதும் மீன்துண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் இருக்கும். நாக்கு எதைப் பிடிக்கும், எதை விடும்? அவருக்குப் பேச்சுச் சிகிச்சை செய்கிற மிஸ்ஸிடம் கேட்டேன். துண்டு இல்லாமல், ஒரே பதமாக, கரண்டியைச் சரித்தாலும் மெதுவாக விழுகிற தடிப்பில் இருந்தால் கொடுத்துப் பார்க்கலாம், பக்கத்தில் நின்று பார் என்றார். மீனையும் மரவள்ளியையும் அவித்து முள்ளெடுத்து அரைத்து, நண்டுத் தண்ணீரை வடித்துச் சேர்த்து, ஒடியல் மாவைக் கொஞ்சம் கூடுதலாய்க் கரைத்து ஊற்றித் துழாவி இறக்கி ஆறவிட்டேன். ஒரு சின்னக் கோப்பை சாப்பிட்டு முடிக்க நெடுநேரம் எடுத்தது. ஒரு இருமல் இல்லை. "உறைப்புக் காணாது" என்றார்.

தூக்கி இருத்துவதைப் பற்றி ஒன்றிரண்டு மட்டும். கதிரை நல்ல பக்கத்தில், சில்லு இருந்தால் பூட்டி. படுத்தவரை உடனே நிறுத்தாமல் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் இருத்த வேண்டும், இல்லையென்றால் பிறஷர் இறங்கித் தலைசுற்றி உங்கள்மேலேயே விழுவார். உங்கள் முழங்கால் மடிய வேண்டும், நாரி மடியக் கூடாது. அவரால் செய்யக்கூடியதை அவரே செய்யட்டும், எல்லாவற்றையும் நாங்களே செய்தால் இருக்கிற கொஞ்சப் பலமும் போய்விடும். இது வீட்டுக்காரருக்குச் சோம்பேறித்தனமாகத் தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும்.

எழுதி வைப்பதில் நான் பிடிவாதக்காரி. ஒரு கொப்பி. எவ்வளவு குடித்தார், எவ்வளவு சலம் போனது, என்ன நிறம், வெளிக்குப் போனாரா, எந்த நேரம் எந்தப் பக்கம் திருப்பினது. சலக்குழாய் போட்டிருந்தால், சலம் சேர்கிற பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், நிலத்தில் முட்டவும் கூடாது. மூச்சை எண்ணுகிறபோது எண்ணுகிறேன் என்று சொல்லக் கூடாது, சொன்னால் ஆள் மூச்சை மாற்றிவிடுவார், நாடி பார்க்கிற மாதிரிக் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிசம் முழுதாக எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை. மழைக்காலத்தில் வாட்டு நிறைய டெங்குக்காரர் கிடக்கும்போது நேர்ஸ் மிஸ்மார் முதலில் கேட்பது இந்தக் குடித்த கணக்கையும் போன கணக்கையும்தான். பிள்ளைகள் கொப்பியில் இங்கிலீசில் எழுதப் பார்த்து எழுத்துப் பிழையோடு எதையோ எழுதுகிறார்கள். தமிழில் எழுதுங்கள் என்பேன். இங்கே மானிப்பாயில் 1848இல் மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், பிறகு தமிழிலேயே படிப்பித்து மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். "சலம் கடும் மஞ்சள், மணக்குது, ஆச்சி காலையில இருந்து ஆளை மாறிக் கூப்பிடுறா" என்று எழுத எங்களுக்கு என்ன கூச்சம்? அப்படித் திடீரென்று ஆள் மாறிப்போவது சலத்தில் கிருமி பிடித்ததாலும் இருக்கலாம், அந்த ஒரு வரி போதும் வைத்தியருக்கு.

எங்கள் ஊருக்கென்று ஒரு தலையிடி உண்டு, விரதம். கந்தசஷ்டி ஆறு நாளும் இன்சுலின் போடுகிற அம்மா சாப்பிட மாட்டேன் என்பார். சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை. சஷ்டிக்கு முன்னமே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய் மருந்தளவைப் பற்றி அவர் வாயால் கேட்க வைப்பேன், அளவை மாற்றுவது என் வேலை இல்லை. இரத்தத்தில் சீனி இறங்கி வியர்வை, நடுக்கம், பதகளிப்பு, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் ஆள் நினைவோடு விழுங்கக்கூடியவராய் இருக்கும்பட்சத்தில் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுத்து, 15 நிமிசத்தில் திரும்பச் சீனி பார்க்க வேண்டும். நினைவில்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் சரித்துப் படுக்க வைத்து 1990 அம்புலன்ஸுக்கு எடுக்க வேண்டும். முருகன் கோபிக்க மாட்டார் என்று நான் சொன்னால் எடுபடாது, வீட்டுக்கு வருகிற ஐயரைக் கொண்டு சொல்லுவித்தால் சில வேளை எடுபடும்.

புதிதாக ஒரு வீட்டிலிருந்து வேலைக்குக் கேட்டால் சம்பளம் கதைப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்பேன். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் இருக்கிறதா, தூக்குகிறபோது மற்றப் பக்கம் பிடிக்க யார் வருவார்கள், இரவில் என்னை மாற்ற ஆள் உண்டா. முன்பு ஒருவர் லண்டனிலிருந்து, "நல்ல மனமுள்ள ஆளாய்த்தான் தேடுறம் அக்கா" என்றார். "அது இருக்கு தம்பி, கட்டில் சுவரோட முட்டிக்கொண்டோ கிடக்குது?" என்று கேட்டேன். இருங்கோ, வீட்டில் ஆளை விட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தார். அடுத்த நாள் கட்டிலை இழுத்து நடு அறையில் போட்டு, படமும் எடுத்து அனுப்பியிருந்தார். அந்த வீட்டுக்குப் போனேன்.