144 இப்போது தடை உத்தரவு இல்லை: கோலாலம்பூரில் இருந்து வழக்கறிஞர் தேர்வுக்குப் படித்த அனுபவம்

சென்னையில் வழக்கறிஞராகப் பதிவு செய்த கையோடு எனக்குக் கல்யாணம் ஆனது. அடுத்த மாதமே கணவருடன் கோலாலம்பூருக்கு வந்துவிட்டேன். பதிவு செய்தவர்கள் இரண்டு ஆண்டுக்குள் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வில் தேற வேண்டும். இல்லாவிட்டால் தொடர்ந்து வழக்காட முடியாது. பிரிக்பீல்ட்ஸில் ஐந்தாவது மாடி வீட்டில் உட்கார்ந்து படித்து, 2024 டிசம்பர் 22 அன்று சென்னையில் போய் எழுதினேன், தேறினேன். இப்போது வெளிநாட்டில் இருந்து அதே தேர்வுக்குப் படிக்கும் இரண்டு மூன்று பேர், எப்படிப் படித்தாய் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இதில் பாதிக்கு மேல் கோர்ட்டுப் பக்கமே போகாதவர்களுக்கும் வேண்டியது. அதனால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

தேர்வைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 100 கேள்விகள், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். பொதுப் பிரிவினர் 45, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 40 எடுத்தால் தேர்ச்சி. தமிழிலும் எழுதலாம். அரசியலமைப்பு, குற்றவியல் நடைமுறை, உரிமையியல் நடைமுறை மூன்றுக்கும் பத்துப் பத்து. தண்டனைச் சட்டம், சாட்சியச் சட்டம், குடும்பச் சட்டம் மூன்றுக்கும் எட்டெட்டு. இந்த ஆறிலேயே 54 வந்துவிடுகிறது. முதலில் இவற்றை முடித்துவிட்டு அப்புறம் வரி, கம்பெனி, காப்புரிமை பக்கம் போங்கள்.

குறிப்பு எதுவும் எழுதாத, வெறும் சட்ட வாசகம் மட்டும் உள்ள 'பேர் ஆக்ட்' புத்தகத்தைத் தேர்வறைக்குள் கொண்டுபோகலாம். இதைக் கேட்டதும் எல்லோருக்கும் ஒரு தெம்பு வரும். எனக்கும் வந்தது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால் பாதித் தாளைக்கூடத் தாண்ட முடியாது. எது எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று ஏற்கெனவே பழகியவருக்குத்தான் அந்தப் புத்தகம் கைகொடுக்கும்.

முதல் இரண்டு மாதம் நான் செய்தது தப்பு. சென்னை நேரம் ஏழு மணிக்கு ஆன்லைன் வகுப்பு. இங்கே அப்போது இரவு ஒன்பதரை. வகுப்பு முடிந்ததும் பிரிவு எண்களை வரிசையாக எழுதி மனப்பாடம் செய்தேன். பகலில் மஸ்ஜித் ஜாமேக் நிலையத்தில் இறங்கி, மெர்டேக்கா சதுக்கத்துக்கு அருகில் இருக்கும் கோலாலம்பூர் நூலகத்துக்குப் போய் அதே எண்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எதுவும் நிற்கவில்லை.

அதை மாற்றியது எங்கள் கட்டடத்துக்குக் கீழே சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. புதுக்கோட்டைப் பக்கம். நான் சட்டம் படிக்கிறேன் என்று தெரிந்து ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்கா, ஊர்ல வேலித் தகராறு. எங்க அண்ணனை ஸ்டேஷன்ல இருந்து மூணு தடவை போன்ல கூப்பிட்டுட்டாங்க. போனா உள்ள வச்சிருவாங்களோன்னு வீட்டுக்கே வராம இருக்கான். அப்பாவையும் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. அவருக்கு அறுபத்தேழு வயசு."

எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. மனப்பாடம் செய்த எண்களில் எது இவனுக்கு உரியது என்றே தெரியவில்லை. மேலே போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 35(3): கைது தேவைப்படாத நேர்வில், காவல் அதிகாரி நேரில் வரச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த நோட்டீஸின்படி அவர் போய் ஒத்துழைத்தால், தகுந்த காரணத்தை எழுதி வைக்காமல் அந்தக் குற்றத்துக்காக அவரைக் கைது செய்யக் கூடாது. பழைய சட்டத்தில் இதுதான் 41ஏ. அப்பாவின் விஷயத்துக்கு பிரிவு 179 இருந்தது: சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் 60 வயதைத் தாண்டிய ஆணையோ, பெண்ணையோ, 15 வயதுக்கு உட்பட்ட சிறுவனையோ அவர்கள் வசிக்கும் இடத்தை விட்டு வேறு எங்கும் வரச் சொல்லக் கூடாது.

மறுநாள் அவனிடம் சொன்னேன்: "அண்ணன் ஒளிய வேண்டாம் தம்பி. எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், கட்டாயம் வருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லச் சொல். நோட்டீஸ் வந்தால் சொன்ன தேதியில் தவறாமல் போக வேண்டும். போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணம் ஆகிவிடும்." நான்கு நாளில் நோட்டீஸ் வந்தது. அண்ணன் அதைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினான். அச்சடித்த பழைய படிவத்தில் 41ஏ என்று இருந்ததை நீலப் பேனாவால் அடித்து, மேலே 35(3) என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்பினான். தேர்வு முடிந்த அடுத்த மாதம், 2025 ஜனவரியில், இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது.

அந்த இரண்டு பிரிவுகளை நான் மனப்பாடம் செய்யவே இல்லை. இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். அன்றிலிருந்து என் நோட்டு மாறியது. இடப்பக்கத்தில் ஒருவர் வாயால் கேட்கும் கேள்வியை, அவர் கேட்ட மாதிரியே எழுதினேன். வலப்பக்கத்தில் பிரிவு எண். அதற்குக் கீழே மூன்று வரி: இது யாருக்கு, எவ்வளவு நேரத்துக்குள், எப்போது பொருந்தாது. மூன்றாவது வரிதான் மதிப்பெண் வாங்கித் தரும். தேர்வில் மாட்டிவிடுவதும் அங்கேதான், வாழ்க்கையில் மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

'யாருக்கு' என்ற வரிக்கு ஓர் எடுத்துக்காட்டு. எதிர்வீட்டு அக்கா ஈப்போவில் பிறந்து வளர்ந்த மலேசியத் தமிழர். தஞ்சாவூர், கும்பகோணம் கோயில்களுக்குப் போகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். என் நோட்டைப் பார்த்துவிட்டு, "யம்மா, நான் மலேசியா ஐசி வச்சிருக்கிறவ. அங்க எனக்கு ஏதாச்சும் ஆனா உங்க சட்டம் எனக்கும் பேசுமா?" என்று கேட்டார். ஐசி என்றால் மலேசிய அடையாள அட்டை. கல்லூரியில் ஐந்து ஆண்டு படித்தும் எனக்கு உறைக்காத வேறுபாடு அந்தக் கேள்வியில் உறைத்தது. அரசியலமைப்பின் 14, 21, 22ஆம் சரத்துகள் 'நபர்' என்று சொல்கின்றன. சட்டத்தின் முன் சமம், உயிர், உடல் சுதந்திரம், கைதானால் உள்ள பாதுகாப்பு எல்லாம் இந்திய மண்ணில் நிற்கும் யாருக்கும் உண்டு, அக்காவுக்கும் உண்டு. 15, 16, 19ஆம் சரத்துகளோ 'குடிமக்கள்' என்று சொல்கின்றன. பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, அரசு வேலையில் சம வாய்ப்பு எல்லாம் குடிமக்களுக்கு மட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அப்படித்தான். அதன் 3ஆம் பிரிவு குடிமக்களைத்தான் சொல்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையை வைத்திருப்பவர் குடிமகன் ஆகிவிட மாட்டார் என்பதையும் இங்கேயே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கைது பற்றிய 22ஆம் சரத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். என்ன காரணத்துக்காகக் கைது என்று சொல்ல வேண்டும். தனக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பொருந்தாத இடம்: தடுப்புக் காவல். நம் ஊரில் "குண்டாஸ் போட்டுட்டாங்க" என்று சொல்கிறோமே, 1982ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், அதில் உள்ளே போனவருக்கு இந்த 24 மணி நேரக் கணக்கு கிடையாது. அவருடைய பாதுகாப்பு, காவலில் வைத்தது சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகம். அந்தக் கழகம் சரி என்று சொல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. பெண்களைப் பொறுத்தவரை, மாலை சூரியன் மறைந்து காலை உதிக்கும் வரை கைது கூடாது. தவிர்க்க முடியாத நேர்வில் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும்.

இங்கே வேலை செய்யும் நம் ஆட்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இது இந்தியாவில் செல்லும் சட்டம். மலேசிய அரசியலமைப்பின் 5ஆம் சரத்திலும் 24 மணி நேரம் என்று இருக்கிறது. ஆனால் குடியேற்றச் சட்டத்தின் கீழ் பிடிபடும் வெளிநாட்டவருக்கு அது 14 நாள் ஆகிவிடும். பெர்மிட் விஷயத்தில் ஊர்ச் சட்டத்தை நம்பி வாதாடிக்கொண்டிருக்காதீர்கள்.

சரி, எண்களுக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் தண்டனை, நடைமுறை, சாட்சியம் என மூன்று குற்றவியல் சட்டங்களும் மாறிவிட்டன. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே என்பதால் இரண்டையும் படிக்க வேண்டியிருக்கிறது. நமக்குச் சிக்கல் என்னவென்றால், பழைய எண்கள் தமிழ்ப் பேச்சிலேயே கலந்துவிட்டன. ஏமாற்றுக்காரனை 420 என்கிறோம். இப்போது அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). கொலைக்கு 302 என்றால் குழந்தைக்கும் தெரியும்; இப்போது 103. ஊரில் கலவரம் என்றால் "144 போட்டுட்டாங்க" என்போம். கூட்டம் கூடத் தடை விதிக்கும் பிரிவு புதிய நடைமுறைச் சட்டத்தில் இப்போது 163. புதிய 144 எது தெரியுமா? மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கு ஜீவனாம்சம் கேட்கும் பிரிவு. பழைய 125. அதே மாதிரி 482: முன்பு உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், இப்போது முன்ஜாமீன். அந்த அதிகாரத்தின் கீழ் வழக்கை ரத்து செய்யக் கேட்டுப் போவது இனி 528. எண் அப்படியே இருந்து பொருள் மட்டும் மாறிய இந்த இரண்டையும் சிவப்பு மையில் தனியாக எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். தோசை திருப்பும்போதெல்லாம் கண்ணில் படும்.

புகார் கொடுப்பது பற்றி. ஸ்டேஷனில் மனு கொடுத்தால் சிஎஸ்ஆர் என்று ஒரு ரசீது தருவார்கள். பலர் அதையே எஃப்ஐஆர் என்று எண்ணி வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அது மனு வந்ததற்கான அடையாளம் மட்டும். பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிய தகவல் என்றால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 173. மூன்று முதல் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் மட்டும், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம். வாயால் சொன்னாலும் எழுதிக்கொண்டு படித்துக் காட்ட வேண்டும். நகல் இலவசம். எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். பதிய மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட். மின்னஞ்சல் போன்ற வழியிலும் அனுப்பலாம், ஆனால் அனுப்பியவர் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். கோலாலம்பூரில் இருப்பவரால் அது முடியாது. விவரம் தெரிந்த யாரும் புகார் கொடுக்கலாம் என்பதால், ஊரில் இருக்கும் அண்ணன், அக்காவை விட்டுக் கொடுக்கச் சொல்வதுதான் நடக்கும் காரியம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் பவர் பத்திரம். ஊரில் நிலம் விற்க, இங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புகிறோம். அது இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்; முத்திரைச் சட்டம் 18ஆம் பிரிவு. எங்கள் உறவினர் ஒருவர் பத்திரத்தைப் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு, வாங்கும் ஆள் கிடைத்தபோது எடுத்தார். காலம் கடந்திருந்தது. மறுபடியும் தூதரகம், மறுபடியும் கூரியர்.

பாஸ்போர்ட் பற்றியும் தம்பிகள் கேட்பார்கள். இந்திய பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து என்று 1967ஆம் ஆண்டின் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்கிறது. முதலாளியின் சொத்து ஆகாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி, அவ்வளவுதான். இவை தேர்வுக்கு வராது. இருந்தாலும் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

தேர்வுக்கு வருகிறவர்கள் கடைசி இரண்டு வாரம் புதிதாக எதையும் தொடாதீர்கள். தேர்வறைக்குக் கொண்டுபோகும் அதே புத்தகத்தில்தான் படிக்க வேண்டும். அதில் எழுதக் கூடாது என்பதால் கண்தான் பழக வேண்டும். கைது, ஜாமீன், புகார், ஜீவனாம்சம் நான்கும் எந்தப் பக்கத்தில் என்று கண்ணை மூடிக்கொண்டு திறந்து பாருங்கள். விமானத்தில் வந்து இறங்கி மறுநாளே எழுதுவதும் வேண்டாம். இரண்டரை மணி நேர வித்தியாசம்தான் என்று எண்ணினேன்; மதியத் தேர்வில் எனக்குக் கடைசி முப்பது கேள்விக்குக் கண் சொக்கிவிட்டது.

நான் தேர்வு முடிந்து திரும்பிய பிறகுதான் எதிர்வீட்டு அக்கா தஞ்சாவூர் கிளம்பினார். முந்தின நாள் இரவு ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து, பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். அவசரத்துக்கு 112. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண் என்பதால் வருமானம் கேட்க மாட்டார்கள். பிடித்து வைத்தால் காரணம் கேள், வழக்கறிஞர் கேள், 24 மணி நேரம். நாலாவது வரியாக, சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது, அவர்களுக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று எழுதினேன். வாசித்துப் பார்த்துவிட்டு, நான்காக மடித்துப் பாஸ்போர்ட் உறைக்குள் செருகிக்கொண்டார்.