நான்கு வாய்மை, நான்கு வேலை: பௌத்த டிப்ளோமா எழுதப்போகிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு

பெறுபேறு வந்துவிட்டது. சித்தி. அதுவும் அடிப்படைக் கோட்பாட்டுத் தாளில் நல்ல புள்ளி. வெள்ளவத்தையில் சைவம் படித்து வளர்ந்து, வேலைக்குப் போய்க்கொண்டே ஆங்கில மூலம் எழுதியவளுக்கு இது பெரிய நிம்மதி. அடுத்த தொகுதிக்குப் பதிந்திருக்கிற சிலர் எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டார்கள்; எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். வினாத்தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

எனக்குப் புள்ளி வாங்கித் தந்தது ஒரே ஒரு விஷயம். நான்கு வாய்மைகளை எல்லாரும் வரிசையாக எழுதுவார்கள்: துக்கம், துக்கத்தின் தோற்றம், நீக்கம், நீக்கும் நெறி. பெரும்பாலான விடை அங்கேயே நின்றுவிடும். ஆனால் புத்தர் இசிபதனத்தில் தம் முதல் ஐந்து சீடருக்குச் சொன்ன முதல் போதனையான தம்மசக்கப்பவத்தன சூத்திரத்தில் ஒவ்வொரு வாய்மைக்கும் ஒரு வேலையும் சொல்லப்பட்டிருக்கிறது. துக்கத்தை முழுமையாக அறிய வேண்டும். அதைத் தோற்றுவிக்கும் வேட்கையைக் கைவிட வேண்டும். நீக்கத்தை நேரில் காண வேண்டும். நெறியை வளர்க்க வேண்டும். இதுதான் வாய்மை, இதில் செய்ய வேண்டியது இது, அது செய்து முடிந்தது என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று சுற்று. மொத்தம் பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டும் தெளிந்த பிறகே முழு ஞானம் பெற்றதாக அறிவித்தேன் என்கிறார் புத்தர்.

கொப்பியின் இரட்டைப் பக்கத்தில் இதைக் கட்டம் போட்டு எழுதினேன். இடப்பக்கம் நான்கு வாய்மை, மேலே மூன்று சுற்று. அதற்குப் பிறகு படித்த எதையும் அதற்குள் வைத்துப் பார்த்தேன். ஐந்து கந்தங்களா (உடலும் மனமுமாக மனிதரை ஆக்கும் ஐந்து தொகுதிகள்)? பற்றுக்குரிய ஐந்து கந்தங்களே சுருக்கமாகத் துக்கம் என்று அதே சூத்திரம் சொல்கிறது. ஆகவே முதல் கட்டம், அறியப்பட வேண்டியவை. காம, பவ, விபவ வேட்கைகள் (புலனின்பம், இருத்தல், இல்லாமற்போதல் மீதான வேட்கைகள்) இரண்டாவது, கைவிட வேண்டியவை. வேட்கை அணைந்த விடுதலையான நிப்பானம் மூன்றாவது. சீலம் (ஒழுக்கம்), சமாதி (மன ஒருமை), பஞ்ஞா (மெய்யறிவு) நாலாவது. எந்தக் கேள்வி வந்தாலும் அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அங்கே செய்ய வேண்டியது என்ன என்று தொடங்கினால் விடை தானாக வளரும். வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

துக்கம் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் காரணச் சங்கிலியான பன்னிரு நிதானங்களுக்கு மணிமேகலையின் முப்பதாம் காதையை எடுங்கள். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லும் வரிசை இது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். பஸ்ஸில் சொல்லிச் சொல்லி வாயில் ஏற்றிவிடலாம். கடைசிக்கு மட்டும் விடையில் ஜராமரணம் (மூப்பும் சாவும்) என்று போடுங்கள். தமிழில் கிடைக்கிற பாடக்குறிப்புகள் மிகக் குறைவு. எனக்குக் கிடைத்த ஒரு பிரதியில் பாதி நிதானங்களே இல்லை. நம்மிடம் மணிமேகலை இருக்கும்போது அந்தப் பிரதிகளுக்கு ஏன் அலைய வேண்டும்?

நம்மவர்களுக்குச் சறுக்குகிற இடம் அனாத்மம், அதாவது நிலையான ஆன்மா இல்லை என்ற போதனை. பதி, பசு, பாசம் (இறைவன், ஆன்மா, தளை) என்று சிறு வயதிலிருந்தே ஊறியதால், மறுபிறப்பு என்றதும் 'ஆன்மா அடுத்த உடலை எடுக்கிறது' என்று கை எழுதப் பார்க்கும். அந்த ஒரு வரி முழு விடையையும் கெடுத்துவிடும். அனாத்மத்தைச் சொல்லும் அனத்தலக்கண சூத்திரத்தின் வாதத்தை மனதில் வையுங்கள்: உருவம் நானாக இருந்தால் அது நோய்ப்படாது, இப்படி இரு, அப்படி இராதே என்று அதற்குச் சொல்ல முடியும். மற்ற நான்கு கந்தங்களுக்கும் இதே வாதம்தான். வீட்டில் சிவஞான சித்தியார் பரபக்கம் இருந்தால், பௌத்தரை மறுக்கிற அந்தப் பகுதியைப் பரீட்சை முடிந்த பிறகு படியுங்கள். ஒரு சமயத்தை முதலில் அதன் வாயிலிருந்தே கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மற்றவை, சுருக்கமாக:

- நிகாய (சூத்திரத் தொகுப்பு) வரிசை: தீக, மஜ்ஜிம, சம்யுத்த, அங்குத்தர, குத்தக. தம்மபதம் குத்தகத்தில், 423 பாடல்.
- பௌத்த மறைநூலான திரிபிடகம் ஏட்டில் ஏறியது மாத்தளை அலுவிகாரையில், மன்னன் வலகம்பா காலம், கி.மு. 1ஆம் நூற்றாண்டு. புத்தகோசரின் விசுத்திமக்கம் அநுராதபுரத்தில், கி.பி. 5ஆம் நூற்றாண்டு.
- கம்மத்தை (வினையை) தலைவிதி என்று எழுதாதீர்கள். எண்ணமே கம்மம் என்ற அங்குத்தர நிகாய வாக்கைப் போடுங்கள்.
- நீக்கும் நெறியான எண்வழியில் காட்சியும் எண்ணமும் பஞ்ஞா. சொல், செயல், வாழ்க்கை சீலம். மீதி மூன்றும் சமாதி.

போயா (பௌர்ணமி) காலையில் பன்சலை (விகாரை) ஒலிபெருக்கியில் வரும் பஞ்சசீலம் கொழும்பில் யார் காதிலும் விழாமல் இராது. இனி நின்று கேளுங்கள். 'பாணாதிபாதா வேரமணீ சிக்காபதம் சமாதியாமி': உயிர்க்கொலையிலிருந்து விலகும் பயிற்சியை ஏற்கிறேன். ஒருவர் தானே விரும்பி ஏற்கிற பயிற்சி இது. மேலிருந்து வந்த கட்டளை என்று எழுதிவிடாதீர்கள். சீலம் பற்றிய கேள்விக்கு இந்த வரியோடு தொடங்கினேன், நன்றாகவே வந்தது.

அபிதம்மத்தை (மனத்தையும் பொருளையும் கூறுகூறாக ஆராயும் பிடகத்தை) விருப்பப் பாடமாக எடுக்க யோசிப்பவர்களுக்கு: ஆசை புரிகிறது. சோழநாட்டுப் புத்ததத்தர் பாளியில் அபிதம்மாவதாரம் எழுதியவர், நமக்கும் அதில் உரிமை உண்டு. ஆனால் 89 சித்தம் (மனநிலை), 52 சேதசிகம் (மனக்கூறு), 28 ரூபம் (பொருட்கூறு) என்று எண்ணிக்கை ஓடும். சூத்திரங்கள் படியாமல் போனால் எல்லாம் வெறும் மனப்பாடமாகிவிடும். முதல் வருடம் சூத்திரத் தாளை எடுத்து, அபிதம்மத்தை அடுத்த வருடத்துக்கு வையுங்கள்.