பிரேக் அமத்தினால் நூரும் லைட்

யாழ்ப்பாணத்தில் பழைய மொறிஸ் மைனர் வைத்திருப்பவரிடம் அந்தக் காரைப் பற்றி ஒரு குறை சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. என் பெரியப்பாவும் அந்த ரகம்தான். “சண்டைக் காலத்தில பெட்ரோல் இல்லாம மண்ணெண்ணெயில ஓடின வாகனம் இது” என்று ஆரம்பித்துவிடுவார். உண்மைதான். ஆனால் அதற்காக லைட் எரியாமல் இருக்கலாமா?

1958ஆம் ஆண்டு வண்டி. பின்பக்க வலது மட்காட்டில் நெளிவெடுத்து, பளபளவென்று பெயின்ட் அடித்து வந்த நாளில் இருந்து தொல்லை. இரவில் லைட் போட்டால் வலது பின் லைட் எரியும். பிரேக் அமத்தினால் நூரும். பகலில் அமத்தினால் மங்கலாக மினுங்கும். பின்னால் வருகிறவன் என்னவென்று விளங்கிக்கொள்வான்?

பேரன் வந்தான். ஹைபிரிட் கார் திருத்துகிற பிள்ளை. ஸ்கேனரைக் கையில் வைத்துக்கொண்டு டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்து தேடினான். குத்த இடமில்லை. சரி என்று மீட்டரை எடுத்தான். கறுப்பு முனையைக் காரின் இரும்பு உடம்பில் வைத்து, சிவப்பை மற்றப் பக்கம் தொட்டால் மைனஸ் 12. “அப்பப்பா, பற்றரியைத் தலைகீழாப் பூட்டியிருக்கிறியள்!” பெரியப்பா அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களில் பிளஸ்தான் எர்த்; அதாவது பற்றரியின் பிளஸ் முனையைத்தான் காரின் இரும்போடு பூட்டியிருப்பார்கள், கரண்டுக்கு மற்ற வழி அந்த இரும்புதான். அவன் வாங்கி வந்த எல்ஈடி பல்பும் அதனால்தான் கண் திறக்கவில்லை. வயர் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், பிரவுன், சிவப்பு, பச்சை என்று நூல் சுற்றியிருந்த வயரெல்லாம் இப்போது ஒரே சேற்று நிறம்.

கடைசியில் பழைய மெக்கானிக் அண்ணை சைக்கிளில் வந்தார். பற்றரியின் பிளஸ் முனையில் இருந்து நீள வயர் ஒன்றை இழுத்துவந்து, பின் லைட்டின் இரும்பில் தொட்டார். ஜம்மென்று எரிந்தது.

“எர்த் இல்லை, தம்பி.”

லைட்டை இறுக்கும் திருகாணி வழியாகத்தான் அதற்கு எர்த். பெயின்ட் அடித்தவர் அந்த இடத்தையும் சேர்த்து மூடிவிட்டார். அந்த பல்புக்குள் இரண்டு இழை, ஒன்று பின் லைட்டுக்கு, மற்றது பிரேக்குக்கு. படலை பூட்டிக் கிடந்தால் வேலிப் பொட்டுக்குள்ளால் போவதுபோல, கரண்ட் பிரேக் இழைக்குள் புகுந்து, இடது பக்க லைட் வரை போய் அங்கே எர்த்தைப் பிடித்திருக்கிறது. பிரேக்கை அமத்தினால் அந்தப் பக்கமும் 12 வோல்ட். இரண்டு பக்கமும் ஒரே அளவென்றால் ஓட்டம் ஏது? நூர்ந்துவிடும்.

அண்ணை கத்தியை எடுத்துத் திருகாணி இறங்கும் இடத்தைச் சுரண்டத் தொடங்கினார். “ஐயோ, புதுப் பெயின்ட்!” என்று பெரியப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரரே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இரும்பு மினுங்கும் மட்டும் சுரண்டி, கிரீஸ் பூசி, லைட்டை இறுக்கினார். பிரேக் அமத்தினோம். இரண்டு பக்கமும் செக்கச்செவேல்.

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால், பெரியப்பா லைட்டை மறுபடி கழற்றி வைத்துக்கொண்டு, ஒரு கையில் பெயின்ட் டின்னும் மறு கையில் பிரஷுமாகக் குந்தியிருக்கிறார். “துருப்பிடிச்சிடும்தானே…”

அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. பிரஷை வாங்கித் தன் சைக்கிள் கரியரில் செருகிக்கொண்டு போய்விட்டார்.