கை தூக்கினால் மேலே ஏறுகிறது: பிளவுஸ் கடைக்கு வரும் புகார்கள்

பிளவுஸ் தைக்கும் கடையில் புகார் வராத வாரம் கிடையாது. சுடிதாரில் அரை இன்ச் கூடக் குறைய இருந்தால் யாருக்கும் தெரியாது. பிளவுஸில் கால் இன்ச் தப்பினால் போட்டவுடனே உடம்பு சொல்லிவிடும். அதனால், புகாரே வராமல் தைப்பது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, திரும்பி வந்த பிளவுஸை மறுநாளுக்குள் சரிசெய்து கொடுக்க என்ன தயாராக இருக்க வேண்டும் என்று பார்ப்பதுதான் கடை நடத்துகிறவருக்கு உருப்படியான வேலை. அந்தத் தயாரிப்பு, துணியில் கத்தரி வைக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

உள்ளே துணி விடாமல் வெட்டிய பிளவுஸுக்கு எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் பயன் இல்லை. பக்கத் தையலுக்கு உள்ளே ஒவ்வொரு ஓரத்திலும் ஒன்றரை இன்ச் விட வேண்டும். கணக்கு எளிது. முன் துண்டு, பின் துண்டு, இடம், வலம் என்று மொத்தம் நான்கு ஓரங்கள். ஓரத்துக்குக் கால் இன்ச் பிரித்துவிட்டால் சுற்றளவில் 1 இன்ச் கிடைக்கும். ஒன்றரை இன்ச்சில் அரை இன்ச் கடைசிவரை தையலுக்கு இருந்தாக வேண்டும். மீதி ஒரு இன்ச்சை முழுக்கப் பிரித்தால் 4 இன்ச் வரை கூட்டலாம். 34 அளவுக்குத் தைத்தது 38 வரை போகும். கைக்கு ஒரே தையல், இரண்டே ஓரம். அங்கே ஓரத்துக்குக் கால் இன்ச் பிரித்துவிட்டால் அரை இன்ச்தான் கூடும் என்பதால், கையிலும் ஒரு இன்ச்சுக்குக் குறையாமல் விட வேண்டும்.

இதில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று உண்டு. மேல்துணியில் ஒழுங்காக விட்டுவிட்டு, லைனிங்கை ஒட்ட வெட்டிவிடுவார்கள். பிரிக்கும்போதுதான் லைனிங் எட்டவில்லை என்று தெரியும். ஓவர்லாக் மிஷினும் கவனிக்காவிட்டால் ஓரத்தைக் கால் இன்ச் தின்றுவிடும். பிசிறை மட்டும் வெட்டும்படி துணியைத் தள்ளிப் பிடிக்கச் சொல்ல வேண்டும்.

அசல் தையலுக்கு வெளியே, துணி ஓரத்துப் பக்கம், கால் இன்ச் இடைவெளியில் இன்னும் இரண்டு தையல் ஓட்டிக் கொடுப்பது பல கடைகளில் இருக்கும் வழக்கம். டைட்டானால் வீட்டிலேயே முதல் தையலைப் பிரித்துக்கொள்ளலாம், கடைக்கு வரவே வேண்டாம். பருத்தியில் ஊசி ஓட்டை இரண்டு துவையலில் மூடிவிடும். பட்டில் மூடாது, பிரித்த இடத்தில் கோடு நிற்கும். பட்டுக்கு 14 நம்பர் ஊசியை விட்டுவிட்டு அதைவிட மெல்லிய 11 போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி புகார். வாடிக்கையாளர் சொல்லும் வார்த்தையும் துணியில் இருக்கும் கோளாறும் பாதி நேரம் வேறு வேறாக இருக்கும்.

"கை தூக்கினா ஜாக்கெட்டே மேல ஏறுதுங்க" என்பார்கள். கேட்டதும் அக்குள் பிடிக்கிறது என்று நினைத்து அக்குளை இன்னும் தோண்டிவிடுகிற டெய்லர்கள் நிறைய. அதைவிடக் கெடுதல் வேறு இல்லை. அக்குள் ஏற்கெனவே கீழே இறங்கி இருப்பதால்தான் கையைத் தூக்கும்போது கைத்துணி பக்கத் தையலைச் சேர்த்து இழுக்கிறது. அக்குள் வளைவு உடம்பின் அக்குளை ஒட்டி மேலே இருந்தால் கை தனியாக அசையும், பிளவுஸ் அப்படியே நிற்கும். வெட்டின துணியைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் வழி இரண்டுதான். கழுத்து ஆழமாக இருந்தால் ஷோல்டர் தையலில் முன்னும் பின்னும் கால் இன்ச் உள்ளே பிடித்துத் தைக்கலாம். அக்குள் மேலே வரும், கழுத்தும் கீழ் ஓரமும் சேர்ந்து ஏறும். அது ஒத்துவராது என்றால் அக்குளில் 2 இன்ச் அளவுக்குச் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைக்க வேண்டும். அதற்காகத்தான் வெட்டிய மிச்சத் துணியைத் தூக்கிப் போடாமல் சுருட்டி வைத்து, டெலிவரியின்போது பிளவுஸோடு சேர்த்துக் கொடுத்துவிடுவது.

"அக்குள்ல வெட்டுது" என்பது வேறு புகார். முன்பக்க அக்குள் வளைவு போதாமல், கையும் மார்பும் சேரும் மடிப்பில் துணி உரசும். கையின் முன்பாதியை மட்டும் பிரித்து, முன் வளைவில் கால் இன்ச் எடுத்து, வளைவு நெடுக அரை இன்ச்சுக்கு ஒன்றாக ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டு கொடுத்துத் திரும்ப ஏற்ற வேண்டும். அடி அக்குளைத் தொடவே கூடாது. தொட்டால் மேலே சொன்ன புகாரோடு அடுத்த வாரம் வருவார்கள்.

"ஷோல்டர் நிக்கலை, இறங்குது." இதற்கு நாடா வைத்துக் கட்டிவிடுவது உடனடி வைத்தியம். காரணம் பார்த்துத் தைக்க வேண்டுமென்றால், போடச் சொல்லிப் பார்க்காமல் முடியாது. தோள் சரிவான உடம்பு என்றால் ஷோல்டர் தையலைக் கைப்பக்கம் பிடிக்க வேண்டும். கழுத்து ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் கழுத்துப் பக்கம் பிடிக்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால் பிளவுஸ் கெட்டது மட்டும்தான் மிச்சம்.

ஒரு தடவை துவைத்ததும் சுருங்கிப்போன பிளவுஸில் மேல்துணியைக் குறை சொல்லும் முன் லைனிங்கைப் பாருங்கள். பருத்தி லைனிங்கை நனைக்காமல் வெட்டினால் அது சுருங்கி மேல்துணியையும் சுருட்டி இழுக்கும். அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டபிறகே வெட்ட வேண்டும். சாயம் போகுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்: ஈர மூலையை வெள்ளைத் துணிக்கு அடியில் வைத்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் போதும்.

அளவு ஜாக்கெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "அளவுக்குக் கொடுத்தது சரியா இருக்கே, இது மட்டும் ஏன் பிடிக்குது?" என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அந்தப் பழைய ஜாக்கெட்டிலேயே இருக்கிறது. அது ஐம்பது தடவை துவைத்து உடம்புக்குத் தக்கபடி தளர்ந்த பருத்தி. அதே அளவைப் புதுப் பட்டில், லைனிங்கோடு, அப்படியே எடுத்தால் பிடிக்கத்தான் செய்யும். சுற்றளவில் அரை இன்ச்சாவது கூட்டி வெட்ட வேண்டும். அளவு ஜாக்கெட் வாங்கும்போதே, "இதுல எது சரியா இருக்கு, எது சரியில்லை?" என்று கேட்டு எழுதிக்கொண்டால் பாதிப் புகார் வராது. பலர் தங்களுக்குப் பிடிக்காத ஜாக்கெட்டையே அளவுக்குக் கொடுப்பார்கள். நல்லதை விட்டுக்கொடுக்க மனசு வராது, அதுதான்.

கவுண்டரில் பேச்சு. "நீங்க வெயிட் போட்டுட்டீங்க" என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது, உண்மையாகவே போட்டிருந்தாலும். "சொல்லுங்கக்கா, எந்த இடத்துல பிடிக்குது? ஒரு தடவை போட்டுக் காட்டுங்க, இப்பவே பார்த்துடலாம்" என்று சொன்னாலே குரல் பாதி இறங்கிவிடும். பெண் ஊழியர் ஒருவர் உள்ளே போய்ப் பார்த்து, போட்டிருக்கும்போதே சாக்பீஸால் குறி வைக்க வேண்டும். மார்பில் குறுக்காகச் சுருக்கம் விழுந்தால் டைட். நெடுக்காக மடிந்தால் லூஸ். அக்குளிலிருந்து சாய்வாக ஓடினால் டாட், அதாவது மார்பு வடிவத்துக்காகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு, இடம் மாறியிருக்கிறது. கழற்றி மேஜையில் வைத்து, வாயால் சொன்னதைக் கேட்டுச் செய்கிற ஆல்டரேஷன் அநேகமாக மறுபடியும் திரும்பி வரும்.

மன்னிப்பு ஒரே வரியில் போதும். தப்பு யாருடையது என்ற விசாரணையைக் கவுண்டரில் நடத்த வேண்டாம். "கட்டிங் மாஸ்டர் புதுசு" என்று சொல்லும் கடைக்கு யார் மறுபடி துணி கொடுப்பார்கள்?

ஆல்டரேஷன் தாமதமாவதற்குக் கடைக்காரரின் மனசைவிடக் கூலிமுறைதான் பெரிய காரணம். தைப்பவருக்குப் பீஸ் ரேட்டில் கூலி. ஒரு பிளவுஸைப் பிரித்துத் திரும்பத் தைக்க இருபது நிமிடத்திலிருந்து முக்கால் மணி வரை பிடிக்கும். அதற்குக் கூலி இல்லை என்றால் அவர் அதை மூட்டையின் அடியில்தான் போடுவார். வாடிக்கையாளர் நான்காவது தடவை வந்து நிற்கும்போது கோபம் அளவைப் பற்றியதாக இருக்காது, அலைக்கழித்ததைப் பற்றியதாக இருக்கும். ஆல்டரேஷனுக்கும் பீஸுக்கு இவ்வளவு என்று கடைக் கணக்கிலிருந்து கொடுத்துவிட வேண்டும். தைத்தவரின் கவனக்குறைவு என்று தெரிந்தால் மட்டும் அவரே செய்யட்டும், கட்டிங் தப்பை அவர் தலையில் கட்டக் கூடாது. தினம் காலை ஒரு மணி நேரம் ஆல்டரேஷனுக்கு மட்டும், அந்தத் துணிகளுக்குச் சிவப்புப் பை, வந்த தேதி பையின் மேலே. முந்தாநாள் தேதிப் பை கண்ணில் பட்டால் அன்றைய புதுத் தையல் காத்திருக்கட்டும்.

இலவசமா, காசா? கடைத் தப்பு என்றால் எப்போது வந்தாலும் இலவசம். உடம்பு மாறியது என்றால் முதல் ஒரு மாதம் இலவசம், அதன்பிறகு சின்னக் கட்டணம் என்று ரசீதிலேயே அச்சடித்துவிடலாம். லைனிங் பிளவுஸுக்கு 600 ரூபாய் வாங்கும் கடை என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு எட்டு பிளவுஸ் தைக்கும் ஒருவர் 4,800 ரூபாய். 50 ரூபாய் ஆல்டரேஷனுக்காக அவரோடு மல்லுக்கட்டுவது கணக்குத் தெரியாத வேலை.

பெரிய சிக்கல், துணியே பாழாகும்போதுதான். சேலையோடு வரும் பிளவுஸ் துணி சுமார் 80 சென்டிமீட்டர், கடையில் தனியாகக் கிடைக்காது. கழுத்தை ஆழமாக வெட்டிவிட்டால் பைப்பிங்கோ பார்டரோ நெட்டோ வைத்து மூடலாம். மொத்தமாகக் கெட்டால் மறைக்காமல் நாமே முதலில் போன் செய்ய வேண்டும். சேலையின் உள்முனையில், இடுப்பில் செருகும் பக்கம், தேவையான அளவு வெட்டி எடுத்து, அங்கே ஒத்த நிறத் துணி இணைத்துத் தரலாம். அவர் சம்மதித்தால் மட்டும். இல்லையென்றால் கான்ட்ராஸ்ட் பட்டுத்துணி நம் செலவில், தையல்கூலி வாங்காமல். கல்யாணப் பிளவுஸில் இந்த நிலை வராமல் இருக்க, லைனிங்கை மட்டும் முதலில் வெட்டி லூஸாக ஓட்டி ட்ரையல் பார்த்துவிட வேண்டும். ஆரி வேலை என்றால் இது கட்டாயம். வேலைப்பாடு பக்கத் தையல்வரை போய்விட்டால் கல்லையும் மணியையும் உடைக்காமல் தையலைப் பிடிக்கவே முடியாது, ஆகவே பக்க ஓரத்தில் 2 இன்ச் வெறுந்துணியாக விடச் சொல்லி ஆரிக்காரரிடம் குறித்துக் கொடுங்கள்.

"துணிக்குக் கடை பொறுப்பல்ல" என்று சுவரில் எழுதி மாட்டியிருப்பது ஒரு கேடயம் என்று நினைத்துவிட வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டுக்கும் பொருந்தும், தையலும் சேவைதான். ரசீது கொடுக்க மறுப்பதையே அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக முறை என்கிறது. பலகையைக் கழற்றிவிட்டு, அளவும் தேதியும் எழுதிய ரசீதைக் கொடுப்பது இரு பக்கத்துக்கும் நல்லது.

தேதிப் புகாருக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தீபாவளிக்கும் தை முகூர்த்தத்துக்கும் முன்னால், ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் இறங்கும் என்று எண்ணி, அது நிறைந்ததும் ஆர்டரை நிறுத்த வேண்டும். விசேஷத்துக்கு நான்கு நாள் முன்னால் டெலிவரி; முதல் நாள் மாலை கொடுத்தால் ஆல்டரேஷனுக்கு நேரமே இருக்காது.

எல்லாருக்கும் வளைந்துகொடுக்க வேண்டும் என்றும் இல்லை. விசேஷத்துக்குப் போட்டுவிட்டு, அக்குளில் வியர்வைக் கறையோடு "சரியில்லை, காசைக் கொடு" என்று வருபவர் உண்டு. சரிசெய்து தருகிறோம், காசு திரும்பக் கிடையாது என்று தன்மையாகச் சொல்லிவிடலாம். ஒரே பிளவுஸ் மூன்றாம் தடவை வந்தால் ஆல்டரேஷனை நிறுத்திவிட்டு உடம்பில் புதிதாக அளவெடுங்கள்.

சரிசெய்து கொடுத்ததோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்கும் இடத்தில்தான் பல கடைகள் கோட்டை விடுகின்றன. அளவுச் சீட்டில் அந்தத் திருத்தம் ஏற வேண்டும். "முன் அக்குள் கால் இன்ச் எடு", "இடது தோள் சரிவு", "பட்டு என்றால் சுற்று அரை இன்ச் கூட" என்று தேதியோடு. அடுத்த பிளவுஸ் சொல்லாமலே சரியாக வரும்போது அவர் அளவு ஜாக்கெட் கொண்டுவருவதையே விட்டுவிடுவார். அவருடைய அக்குளும் தோளும் தெரிந்த சீட்டு இந்தக் கடையில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறு கடையில் முதலிலிருந்து தொடங்க அவருக்கும் சலிப்பாகத்தான் இருக்கும்.

இன்னொரு பக்கம், ஒன்றுமே சொல்லாமல் பிளவுஸை பீரோவில் போட்டுவிட்டு வேறு கடைக்குப் போய்விடுகிறவர்கள். அவர்களைப் புகார் நோட்டில் தேட முடியாது, அளவுச் சீட்டில்தான் தேட வேண்டும். ஆடியில் முகூர்த்தம் இல்லை, மிஷின்கள் சும்மா இருக்கும். அப்போது சீட்டுக் கட்டை எடுத்து, போன தீபாவளிக்கு வந்து பொங்கலுக்கு வராதவர்களைத் தனியே பிரியுங்கள். "அக்கா, போன தடவை தைச்சது சரியா இருந்துச்சா? ஏதாவது பிடிச்சா கொண்டாங்க, பிரிச்சு விட்டுத் தரேன்" என்று போனில் கேளுங்கள். தள்ளுபடி, ஆஃபர் எதுவும் அந்தப் பேச்சில் வேண்டாம். கொண்டுவருகிற பிளவுஸில் பிரித்துவிட உள்ளே துணி இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.