பொட்டாசியம் ஏறினால் அடுப்படியில் என்ன மாற்றுவது

சிறுநீரகம் பழுதானவருக்கு ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 5.8 என்று வந்ததும் வாழைப்பழத்தின் மேல்தான் முதலில் பழி விழும். அதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. ரத்தம் எடுக்க ஊசி குத்தும்போது கையை இறுக்கி இறுக்கி மூடியிருந்தாலோ, சிரிஞ்சில் ரத்த அணுக்கள் உடைந்திருந்தாலோ எண் பொய்யாக ஏறும். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அடுத்தது மாத்திரைப் பை. பிரஷருக்கும் இதயத்துக்கும் எழுதும் டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் எல்லாமே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. நாமாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் முழுப் பையையும் காட்ட வேண்டும். மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக்கும் அதில் சேரும். அதைத்தான் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

6-க்கு மேல் போனாலோ, படபடப்போ கால் தளர்ச்சியோ இருந்தாலோ பத்தியம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும். உடம்புக்கு ஒன்றும் தெரியாமலே இதயத் துடிப்பு தடுமாறலாம்.

இனி அடுப்படி. செட்டிநாட்டுப் பலகாரத்தில் இட்லி, இடியாப்பம், வெள்ளைப் பணியாரத்தால் பெரிய தொல்லை இல்லை. கவுனி அரிசி தீட்டாதது, பொட்டாசியம் கூடுதல் என்பதால் விசேஷத்துக்கு ஒரு கரண்டியோடு நிறுத்தலாம். வம்பெல்லாம் தொட்டுக்கொள்வதில்தான். கத்திரிக்காயும் தக்காளியும் புளியும் ஒன்றாய்க் கரைந்த கோசமல்லி, காய் வெந்த சாறு அப்படியே சட்டியில் நிற்கும் மண்டி, இரண்டிலும் பொட்டாசியம் வெளியே போக வழியில்லை. அது நீரில் கரைவது. வெந்த தண்ணீரைக் கொட்டினால் சத்துப் போய்விடும் என்று ஆச்சிமார் சொல்வது சரிதான். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கொட்ட வேண்டியதே அதைத்தான்.

உருளைக்கிழங்கு ரோஸ்ட் கேட்டால் தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, காயைப்போல் ஐந்து மடங்கு தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு வடிக்க வேண்டும். புதுத் தண்ணீர் ஊற்றி இன்னொரு முறை வேகவைத்து வடித்த பிறகுதான் சோம்பும் மிளகாய்த்தூளும். பெரிய துண்டாக ஊறவைத்து எடுப்பதால் மட்டும் அதிகம் இறங்காது. ஆவியில் வேகவைப்பதும் உதவாது. இவ்வளவு செய்தும் பொட்டாசியம் முழுதாகப் போய்விடாது, ஆகவே அரைக் கப் போதும். இளநீருக்கும் முருங்கைக்கீரை சூப்புக்கும் இந்த வித்தை பலிக்காது, விட்டுவிடுங்கள்.

‘சோடியம் குறைந்தது’ என்று விற்கும் உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு என்று இருந்தால் அந்த வீட்டுக்குள்ளேயே வேண்டாம். சாதா உப்பையே குறைத்துப் போடலாம்.

மலச்சிக்கலைப் பலர் இதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. சிறுநீரகம் கைவிட்ட பொட்டாசியத்தில் ஒரு பங்கைக் குடல்தான் கழிக்கிறது. பொட்டாசியத்தைப் பிடித்து வெளியேற்ற டாக்டர் எழுதும் கால்சியம் பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் பொடியும் குடலில்தான் வேலை செய்யும், ஆனால் அதுவே மலத்தைக் கட்டும். அதனால் மலமிளக்கியும் வேண்டுமா என்று அன்றே கேட்டுவிடுங்கள். பொடியைத் தண்ணீரில் கலக்க வேண்டும், பழச்சாற்றில் அல்ல. மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் 3 மணி நேரம் இடைவெளி விடாவிட்டால் அவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபரிசோதனைத் தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள், பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இறங்குவதும் இதயத்துக்கு ஆகாது.