பெரட்டுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் எழுந்ததில்லை!

திருச்சிக்கு மதியம் 12.40 விமானத்தை எடுத்ததே அத்தைக்காகத்தான். அவர் இருப்பது சுங்கை சிப்புட்டில். மலேசியாவின் ஈப்போ நகருக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர்; மலேசியத் தமிழர்களின் அரசியல் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்களாக இருந்த இடங்களில் இப்போது செம்பனைதான் (எண்ணெய்ப் பனை) அதிகம் தெரிகிறது. அங்கிருந்து கோலாலம்பூரின் கேஎல்ஐஏ விமான நிலையம் 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

நேரத்தை மாற்றிவிட்டதாக விமான நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. புதிய நேரம் காலை 6.50. கோலாலம்பூர்க்காரர்களுக்கு அது தூக்கத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நாங்களோ முதல் நாள் இரவு பதினொன்றரைக்கே காரில் ஏற வேண்டும். அத்தைக்கு முட்டி வலி வேறு. விஷயத்தைச் சொன்னதும், "பால் வெட்டுன காலத்துல பெரட்டுக்குக்கூட நான் இவ்வளவு சீக்கிரம் எழுந்ததில்லப்பா" என்றார். பெரட்டு என்பது ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் வேலையாட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது.

மின்னஞ்சலின் அடியில் 'ஏற்கிறேன்' என்று பெரிதாக ஒரு பொத்தான் இருந்தது. அதைத் தொடவில்லை. ஏற்றுக்கொண்டுவிட்டால் அப்புறம் பேரம் பேச நமக்கு ஒரு பிடியும் இருக்காது. நாமாகவே டிக்கெட்டை ரத்து செய்வதும் கூடாது. மாற்றியது அவர்கள் என்பது மறைந்து, நம் இஷ்டத்துக்கு ரத்து செய்ததாகக் கணக்காகிவிடும்.

செயலி காட்டிய மாற்று வழிகள் இரண்டு: மறுநாள் அதே 6.50 விமானம், இல்லையென்றால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வது. மலேசியாவில் 2024 செப்டம்பர் 2 முதல், விமானம் 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், கட்டிய வழியிலேயே பணத்தைத் திரும்பக் கேட்கப் பயணிக்கு உரிமை உண்டு. நல்ல விதிதான். ஆனால் எங்களுடையது தாமதம் இல்லை, முன்னால் இழுத்துவிட்டார்கள். அது போக, பணம் கைக்கு வந்தாலும் அந்த வாரத்தில் புது டிக்கெட் அதே விலைக்குக் கிடைக்குமா? பார்த்துவிட்டேன், கிடைக்காது.

அதனால் போனை எடுக்கும் முன் அந்த நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே, புதிதாக டிக்கெட் வாங்குகிறவனைப் போல அதே தேதியைத் தேடினேன். மாலை 6.30-க்கு ஒரு விமானம் இருந்தது, இடமும் விற்றுக்கொண்டிருந்தார்கள். செயலி மட்டும் அதைக் காட்டவில்லை! விமான எண்ணைக் குறித்துக்கொண்டேன். "வேறு ஏதாவது விமானம் இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்வது சுலபம். எண்ணைச் சொல்லிக் கேட்டால் அவர்கள் திறந்து பார்த்தாக வேண்டும்.

முதலில் பேசியவர், கட்டண வித்தியாசத்தைக் கட்டச் சொன்னார். "நேரத்தை மாற்றியது நீங்கள், நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?" என்றதற்கு, சிஸ்டம் அனுமதிக்கவில்லை என்றார். சிஸ்டத்தோடு சண்டை போட்டு என்ன பயன்? நன்றி சொல்லி வைத்துவிட்டேன். இரவு மறுபடி அழைத்தபோது வேறொருவர் எடுத்தார். இந்த முறை சட்டத்தைப் பேசவில்லை, ஊரைப் பேசினேன். எங்கள் பயணம் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை, சுங்கை சிப்புட்டில் தொடங்குகிறது. அந்த நேரத்துக்கு ரயில் இல்லை. சக்கர நாற்காலி கேட்டிருக்கும் பெரியவர் கூட வருகிறார். மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகக் காத்திருக்க வைத்தார். அந்த இசை இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். கடைசியில் மூன்று பேரையும் மாலை விமானத்துக்கு மாற்றினார், ஒரு வெள்ளிகூட வாங்காமல்.

நேரடியாக நிறுவனத்திடமே வாங்கியதால் இது நடந்தது. ஏஜெண்ட் கடையில் வாங்கியிருந்தால் அங்கேயே போய்க் கேட்கச் சொல்லியிருப்பார்கள்.

புது டிக்கெட் வந்ததும் அத்தை வீட்டுச் சமையலறை மேசையில் விரித்து வரிவரியாகப் பார்த்தோம். பெயர், தேதி சரி. சக்கர நாற்காலியைக் காணோம். அத்தை பெயரில் பணம் கட்டியிருந்த 25 கிலோ பெட்டியும் போயிருந்தது! மைலோ டின்னும் கோடாலித் தைலமும் ஊர்ப்பட்ட சொந்தங்களுக்கு அதில்தான் போக வேண்டும். மறுபடி போன், மறுபடி அதே இசை. ஆனால் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். சேர்க்காமல் விட்டிருந்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுத்திருப்பேன், அதிலும் சரிவராவிட்டால் மலேசியாவின் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்முக்கு. முன்பு பயணிகள் புகார்களைக் கவனித்த மாவ்காம் என்ற அமைப்பு 2025 ஆகஸ்டு 1-இல் அதோடு இணைந்துவிட்டது.

பயண நாளில் காலை நிதானமாக ஈடிஎஸ் என்ற மின்சார ரயில். சுங்கை சிப்புட்டில் எல்லா ரயிலும் நிற்காது, நேரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பக்கத்திலுள்ள பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. அத்தை ரசத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். அங்கிருந்து விரைவு ரயிலில் அரை மணி நேரத்தில் விமான நிலையம்.

திரும்பி வரும் விமானத்தின் நேரத்தையும் அப்புறம் மாற்றினார்கள், பத்து நிமிடம். அதற்கு அந்தப் பெரிய பொத்தானை அமுக்கிவிட்டேன்.